தேயிலைப் பெட்டியும் இசைத்தட்டும்

குன்னூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஏலத்திற்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லுவதையே முப்பது வருஷ காலம் தொழிலாகக் கொண்டிருந்தவர். வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளின் முன்னே நின்று, கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் ஒரு கணம் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வதிலேயே அவருடைய வாலிபமும் நடுவயதும் கழிந்தன. ஓய்வு பெற்ற பிறகு அவர் தேநீரைத் தொடுவதில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு அந்த நாக்கு திருப்தியடைந்துவிடுகிறது. காது மட்டும் இன்னும் உத்தியோகத்தில்தான் இருக்கிறது. அரக்குப் பிளேட்டுகளும், எல்.பி. ரிக்கார்டுகளும், கேசட்டுகளும், குறுந்தகடுகளுமாக அவர் வீட்டு அலமாரிகளில் சேர்ந்திருக்கும் சங்கீதத்தை ஆதியோடந்தமாகக் கேட்டு முடிக்க இன்னொரு முப்பது வருஷம் வேண்டும்.

சென்ற ஐப்பசியில், குன்னூர்ப் பக்கத்துக்கே உரிய வடகிழக்கு மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மருமானும் வந்திருந்தான். அண்மையில் நல்ல விலை கொடுத்து ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கியிருந்த அந்தப் பிள்ளை, சுற்றி வளைக்காமல் கேட்டான்: "மாமா, நம்ம கர்நாடக சங்கீதத்துல நல்ல சவுண்டோட ரிக்கார்டு போடற கம்பெனி எது? பேரை மட்டும் சொல்லுங்க. அவங்க போட்டதையே வாங்கிடறேன்."

"நல்ல டீ எந்தப் பாக்கெட்டுல இருக்குன்னு கேக்கற மாதிரி இருக்குடா நீ கேக்கறது" என்றார் நண்பர். "பாக்கெட்டைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. பெட்டியைக் காட்டு, சொல்றேன்."

தேயிலைத் தொழிலோடு பழக்கமில்லாதவர்களுக்கு அவர் சொன்னதன் தாத்பரியத்தை விளக்க வேண்டும். ஏலத்திற்குப் போகும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் (பலகைப் பெட்டி போய்க் காகித மூட்டை வந்து வெகு காலமாகியும் அவர் வாயில் அது பெட்டிதான்) எந்தத் தோட்டத்துச் சரக்கு, என்ன தரம், எந்த இன்வாய்ஸ் நம்பரைச் சேர்ந்தது, நிகர எடை எவ்வளவு என்ற விவரங்கள் அச்சாகியிருக்கும். ஒரே தோட்டம், ஒரே செடி, ஒரே ஃபாக்டரியாக இருந்தாலும், தை மாதப் பனியில் பறித்த கொழுந்துக்கும் ஆடி மழையில் பறித்த கொழுந்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆகவே தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டு விலை கூறுபவன் நிச்சயம் மோசம்போவான். கடையில் தொங்கும் பாக்கெட்டோ, பல தோட்டத்து இலையையும் பல மாதத்து இலையையும் ஒன்றாய்க் கலந்து, மேலே அழகான ஒரு பெயரை ஒட்டிய பண்டம்.

சங்கீத உலகத்தில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பாக்கெட்டுகளே. பாடியவரின் படமும் கம்பெனியின் முத்திரையும் பளிச்சென்று இருக்கும். எந்த வருஷம், எந்த மண்டபத்தில், யார் பதிவு செய்தது, மூல நாடாவிலிருந்து எடுத்ததா அல்லது தேய்ந்த தட்டிலிருந்து எடுத்ததா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இராது. நல்ல நாதமுள்ள கம்பெனி எது என்று தேடி அலையும் ரசிகர் முதலில் தேட வேண்டியவை இந்த விவரங்கள்தாம் என்பதும், அவற்றை அச்சிடத் துணியாத கம்பெனியின் பெயர், அது எத்தனை பிரசித்தமானதாயினும், நாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இதில் ஒரு விசித்திரம். இந்த நாட்டின் முதல் கிராமபோன் பதிவுகள் தம்முடைய பிறப்புச் சான்றைத் தாமே உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தவை. 1902-ஆம் ஆண்டு லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதியாகக் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கைஸ்பர்க், கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடியும் தறுவாயில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் கணீரென்று அறிவிப்பதை இன்றும் அந்தத் தட்டுகளில் கேட்கலாம். மூலத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குப் போய் அச்சாக வேண்டியிருந்த காலம் அது. பாஷை தெரியாத தொழிலாளி எந்தத் தட்டுக்கு எந்தப் பெயரை ஒட்டுவது என்று திகைக்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு என்று அதற்குக் காரணம் சொல்லுவார்கள். பிறகு 1908-இல் கல்கத்தாவின் சீல்டா பகுதியிலேயே தொழிற்சாலை எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் வந்து நின்றிருந்த நம் மலை ரயில் உதகமண்டலத்தை எட்டியதும் அதே 1908-இல்தான். ரயில் வந்த பிறகு மலை ஏறிய சாமான்களில், குழாய் வைத்த கிராமபோன் பெட்டிகளும் கண்ணாடிப் பாத்திரத்தைப் போலப் பொதிந்து கட்டிய பிளேட்டுகளும் இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

அந்தப் பிளேட்டுகளின் பிரதானமான சரக்கு நம் நாட்டு அரக்கு. அரக்கோடு கல் பொடியும் கரியும் பருத்தி இழையும் சேர்த்துச் சூடாக அழுத்தி எடுத்தார்கள். எஃகு ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே கல் பொடியைக் கலந்தார்களாதலால், பழைய பிளேட்டில் நாம் கேட்கும் கரகரப்பின் ஒரு பெரும் பகுதி பாட்டோடு கூடப் பிறந்தது. 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வரும் வரையில் பாடகர் ஒரு புனலின் வாய்க்குள் தலையை நீட்டிப் பாடினார். அதற்குப் பிறகு மைக்கின் முன் உட்கார்ந்தார். எப்படிப் பாடினாலும் பத்தங்குலப் பிளேட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷமும் சொச்சமும்தான் இடம். எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் ஒரு பக்கம், ஏ.வி. மெய்யப்பன் முதலியோர் கூட்டாக நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் முத்திரையோடு மறு பக்கம் என்று போட்டியிட்டுக்கொண்டு, கால் மணி நேர ஆலாபனையை ஒரு சிமிழில் அடைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

விவரம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்துப் பிளேட்டே பதில் சொல்லும். நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பெயரே தவிர, பதிவு செய்த யந்திரங்களெல்லாம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஓடவில்லை. பதிவான வேகத்தைக் காட்டிலும் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே கூட்டிச் சுழற்றினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், குறைத்தால் இறங்கிவிடும். ஒரு வித்வான் இத்தனை கட்டையில் பாடினார், அவருடைய பிருகாக்கள் மின்னல் வேகத்தில் உதிர்ந்தன என்று நாம் சிலாகிப்பதில், அவருடைய சாரீரத்தின் பங்கு எவ்வளவு, அஜாக்கிரதையாகப் பிரதி எடுத்தவர் யந்திரத்தை முடுக்கிய பங்கு எவ்வளவு என்பது, வேகத்தைச் சரிபார்த்தோம் என்று யாராவது பொறுப்போடு எழுதி வைத்தாலொழியத் தெரியாது.

நீலகிரியோடு சம்பந்தப்பட்ட இன்னொரு கதையும் இங்கே சொல்லத் தக்கது. உதகைக்கு வந்தவர்கள் பெர்ன்ஹில் அரண்மனையைப் பார்த்திருப்பார்கள். மைசூர் மன்னர்களின் கோடை வாசஸ்தலம் அது. அந்த வம்சத்தில் கடைசியாக ராஜ்யபாரம் வகித்தவரும், 1964 முதல் 1966 வரையில் நம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவருமான ஜயசாமராஜ உடையார், 94 கர்நாடகக் கீர்த்தனைகளை இயற்றிய சாகித்யகர்த்தா; மேல்நாட்டுச் சங்கீதத்திலும் லண்டன் கல்லூரியின் பட்டம் பெற்றவர். உடல் நலிந்து, உலகத்தாரால் ஏறக்குறைய மறக்கப்பட்டு, லண்டனில் வாழ்ந்துகொண்டிருந்த ருஷ்ய சாகித்யகர்த்தா நிகோலாய் மெட்னருடைய இசையில் அவருக்கு அபாரமான ஈடுபாடு. மெட்னரையே பியானோ வாசிக்கச் செய்து எச்.எம்.வி. மூலமாகத் தட்டுகளாக்குவதற்கு அவர் பொருளுதவி செய்தார். மெட்னர் தம்முடைய மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்குச் சமர்ப்பணம் செய்தார்.

அதைக் காட்டிலும் சுவாரசியமானது 1950-இல் நடந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தம் அந்திம காலத்தில் இயற்றிய நான்கு பாட்டுகள், அவர் மறைந்த பிறகு, அந்த ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட். வாத்தியக் குழுவை நடத்தியவர் பூர்ட்வெங்லர். அந்தக் கச்சேரிக்கு 4,800 டாலருக்கு ஜாமீன் நின்று, அதைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்தவர் நம் உடையார். அப்போதே அவரிடம் இருபதாயிரம் தட்டுகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். உலகத்தின் தலைசிறந்த குரல், தலைசிறந்த நடத்துனர், பிரசித்தி பெற்ற மண்டபம், பணத்துக்குக் குறைவில்லாத ரசிகர். இத்தனையும் ஒன்றுகூடிய அந்தப் பதிவு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அசிடேட் தட்டுகளில் எடுத்த பதிவு தேய்ந்து நலிந்து, பின்னாளில் எல்.பி.யாக வெளிவந்தபோது கேட்கச் சகிக்கவில்லை என்று ரசிகர்கள் நொந்துகொண்டார்கள். 2007-லும் 2014-லும் நிபுணர்கள் புதிய கருவிகளைக் கொண்டு அதைச் சீர்திருத்தி ஓரளவு மீட்டெடுத்தார்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார், எதற்காக என்ற விவரமெல்லாம் சரித்திரத்தில் பதிந்திருந்தபடியால்தான், ஐம்பது, அறுபது வருஷம் கழித்தும் அதைத் தேடிப் போவதற்கு ஆள் இருந்தது. பெயரும் தேதியும் இல்லாத தட்டாயிருந்தால், தேய்ந்தது தேய்ந்ததாகவே குப்பைக்குப் போயிருக்கும்.

1948-இல் அமெரிக்காவில் பிறந்த எல்.பி. ரிக்கார்டு நம் நாட்டுக்கு வந்த பிறகு, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ராகத்துக்கு மூச்சுவிட அவகாசம் வந்தது. 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தைக் கேட்காத தமிழ்க் காது இருக்க முடியாது. விடியற்காலையில் கோத்தகிரிச் சாலையோரத்து டீக்கடையிலும் அதுதான் ஒலிக்கிறது. ஆனால் அது எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதைக் கடைக்காரரும் அறியார், கேட்கிற நாமும் அறியோம்.

பிரதிகள் பெருகியது கேசட் யுகத்தில். சங்கீதத்தை ஏழையின் வீட்டுக்கும் கொண்டுசேர்த்த புண்ணியம் கேசட்டுக்கு உண்டு. அதை மறுப்பது நன்றி கெட்ட செயல். ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஸ்டூடியோவில் மூலப் பதிவின் அகன்ற நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டின் ஒடுங்கிய நாடாவோ விநாடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர்தான் நகரும். எட்டில் ஒரு பங்கு நீளத்தில் அதே சங்கீதத்தை எழுதவேண்டுமென்றால் எழுத்து நுணுகி மங்கத்தானே செய்யும்? அதையும் அவசரமாக, பல மடங்கு வேகத்தில் ஓட்டிப் பிரதி எடுத்தால், தம்புராவின் கார்வையும் வலந்தலையின் துல்லியமும் "ஸ்ஸ்" என்ற இரைச்சலில் மூழ்கிப்போகும். போதாக்குறைக்கு எங்கள் மலையின் ஈரம் வேறு. சரத் காலத்தில் ஒரு மாதம் திறக்காமல் வைத்த கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்து நிற்கும்.

அன்று சாயங்காலம் நண்பர் ஒரு பரீட்சை நடத்திக் காட்டினார். பாடிய வித்வான் பெயரையும் கம்பெனியின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அது ஒருவர்மேல் மட்டும் சுமத்தக்கூடிய குற்றமன்று. முதலில் உறையிலிருந்து பழைய எல்.பி. ஒன்றை எடுத்தார், பள்ளங்களின் மேல் தேமலைப் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுத்த ஜலத்தில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியை நனைத்து, பள்ளம் போகும் வழியாகவே, வட்டமாக, நடுவிலுள்ள காகிதம் நனையாமல் துடைத்தார். "ஸ்பிரிட் போட்டால் சீக்கிரம் போகுமே மாமா" என்றான் பிள்ளை. "எல்.பி.க்குச் சரி. அதே கையோட அரக்குப் பிளேட்டையும் துடைச்சே, பாட்டே கரைஞ்சு துணியில வந்துடும்" என்றார். உண்மைதான், மேஜை நாற்காலிக்கு மெருகு போடும் தச்சர் அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தானே!

தட்டு உலர்ந்ததும் ஊசியை வைத்தார். ஒன்றிரண்டு சொடுக்குகள் கேட்டன. பிறகு தம்புரா எழுந்தது. நாலு தந்தியும் தனித்தனியாக மீட்டப்படுவதும், பஞ்சமத்திலிருந்து சாரணைக்கும் மந்தரத்துக்கும் விரல் போய்த் திரும்புவதும், அதன் உள்ளிருந்து அந்தர காந்தாரம் தானாகவே பிறந்து மிதப்பதும் தெளிவாகக் கேட்டன. பாடகரின் குரல் நடுவில். வயலின் ஒரு முழம் தள்ளி. மிருதங்கத்தின் தொப்பி தரையோடு தரையாக. இரண்டு நிமிஷம் கேட்ட பிறகு, அதே பதிவைக் குறுந்தகட்டில் போட்டார். சொடுக்கு இல்லை, இரைச்சல் இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி போல இருந்தது. ஆனால் இரைச்சலை நீக்கப் புகுந்தவர், கிழிசலை வெட்டுகிறேன் என்று வேட்டியையே வெட்டிய தையற்காரரைப் போல, தம்புராவின் மேல் ஸ்தாயி நாதத்தையும் சேர்த்தே நீக்கியிருந்தார். வறண்டுபோன இடத்தை நிரப்ப எக்கோ வேறு சேர்த்திருந்தார். அடுத்த வீட்டுக் குளியலறையில் யாரோ பாடுவதுபோல இருந்தது. எல்.பி.யின் உறையில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் இருந்தது. குறுந்தகட்டின் உறையில் அதுவும் இல்லை.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் இந்த விஷயத்தில் நெடுங்காலமாகவே ஒரு ஒழுங்கு உண்டு. டெக்கா கம்பெனியின் கீர்த்தி, இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையைப் பிரித்தறியும் பயிற்சிக்காக அதன் பொறியாளர்கள் கண்ட முறையிலிருந்து எழுந்தது; அங்கே ரசிகர் கம்பெனியின் பெயரோடு நில்லாமல், எந்த மண்டபம், எந்தப் பொறியாளர், எந்த வருஷத்து அச்சு என்று கேட்டு வாங்குகிறார். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை. நம் சங்கீதத்திலேயே, நம்மவர் கையாலேயே, அந்த ஒழுங்கு நிறைவேறியிருக்கிறது.

இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர் என்பவர், சான்டா பார்பரா நகரில் வாட்டர்லிலி அக்கூஸ்டிக்ஸ் என்ற சிறிய ஸ்தாபனத்தை நிறுவினார். அங்கே ஒரு குருமடத்தின் சிற்றாலயத்தில், 1992 செப்டம்பரில், விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்கக் கலைஞர் ரை கூடரும் அருகருகே உட்கார்ந்து வாசித்ததை அவர் பதிவு செய்தார். அது 1994-இல் கிராமி விருது பெற்றது. சித்திரவீணை ரவிகிரண் பங்குகொண்ட மும்தாஜ் மகால் என்ற தட்டும் அந்த ஸ்தாபனத்தினுடையதே. அவர் கையாண்ட முறை வெகு எளிமையானது: இரண்டே மைக், வால்வு வைத்த யந்திரங்கள், நாடா. எக்கோ சேர்ப்பதோ, பிற்பாடு ஒட்டு வேலை செய்வதோ கிடையாது. இரண்டு மைக்கைக் குறுக்காக வைத்து ஒரு அறையின் இடம் வலத்தை அப்படியே பிடிக்கும் அந்த உபாயத்தைக் கண்டவர் ஆலன் பிளம்லீன், 1931-லேயே அதற்குக் காப்புரிமை கோரியவர், ஈ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். நம் நாட்டில் எச்.எம்.வி. முத்திரையோடு தட்டு வெளியிட்ட ஸ்தாபனத்தின் தாய்க் கம்பெனியே அந்த ஈ.எம்.ஐ. அலெக்சாண்டருடைய தட்டுகளின் உறையில் இன்ன முறையில் மைக் வைத்தோம், இன்னின்ன சாதனங்களை உபயோகிக்கவில்லை என்றுகூட அச்சிட்டிருக்கிறார். இதைத்தான் என் நண்பர் பெட்டி என்று சொல்லுகிறார்.

வேறு உதாரணங்களும் உண்டு. அமெரிக்காவின் நான்சச் கம்பெனி 1967-இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ராம்நாட் கிருஷ்ணனின் பாட்டு வெளிவந்தது. அவருடைய அந்த அடக்கமான, குழையும் சாரீரத்தை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல அந்தத் தட்டில் கேட்கலாம். சென்னையில் சார்சுர் ஸ்தாபனம், மார்கழிக் கச்சேரிகளை நேரடியாகப் பதிவு செய்து, எந்த வருஷத்து டிசம்பர் சீசன் என்பதைத் தலைப்பிலேயே குறித்து வெளியிட்டது. 1938-இல் சென்னையில் தொடங்கிய வானொலி நிலையத்தின் பதிவுகளில், சபா ஒலிபெருக்கிகளின் ஆர்ப்பாட்டம் இன்றி, அமைதியான அறையில் பாடிய பாட்டு அதன் இயல்பான அளவில் நிற்கிறது. இவையெல்லாம் நல்ல கம்பெனிகள் என்பதற்காக நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் சுமாரான பதிவுகளும் இருக்கலாம். எங்கே விவரம் இருக்கிறதோ அங்கே சிரத்தை இருக்கிறது, எங்கே சிரத்தை இருக்கிறதோ அங்கே நாதம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்பதே என் அனுபவம்.

நாதத்தைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு, ஞானமும் பாவமும் இருந்தால் கரகரத்த பிளேட்டிலும் கண்ணீர் வராதா என்று சிலர் கேட்கலாம். வரும், எனக்கும் வந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பொறியாளர் தம்மிடமிருந்த புனலையும் மெழுகையும் கொண்டு முடிந்த அளவு உண்மையாக நடந்துகொண்டார். இன்று சகல சாதனங்களையும் வைத்துக்கொண்டு, மிருதங்கத்தை இடிபோல் முழக்கி, வயலினைத் தகரமாக்கி, தம்புராவைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் மின்சாரப் பெட்டி ஒன்றை முனக விட்டு, பாடகரின் மூச்சைக்கூட எக்கோவில் ஊறவைத்துத் தருவது உண்மைக்கு விரோதமானது. நம் சங்கீதத்தின் ஜீவன் கமகத்தில் இருக்கிறது; கமகமோ இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே, எழுத முடியாத இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை மழுங்கடிக்கும் பதிவு, செய்யுளில் ஒற்றெழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு அச்சடித்த புஸ்தகத்துக்குச் சமானம்.

இப்போது தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. கைபேசியில் விரலை வைத்தால் ஆகாயத்திலிருந்து பாட்டு இறங்குகிறது. சௌகரியம் அபாரம். ஆனால் பாக்கெட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டும் இப்போது கிழிந்துபோய்விட்டது. ராகத்தின் பெயர் தப்பாக இருக்கும்; சாகித்யகர்த்தாவின் இடத்தில் பாடகரின் பெயர் இருக்கும்; 1960-களின் கச்சேரி, இணையத்தில் ஏற்றிய வருஷத்தையே தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்ளும்; மிருதங்கம் வாசித்த மகான் யார் என்பதற்குச் சுவடே இராது. ஒருபுறம் இந்த மலையில் வாழும் கோத்தர்களுடைய கொள் என்ற குழலையும் தப்பட்டையையும் ஆராய்ந்த ரிச்சர்ட் வுல்ஃப், அந்த இசையைப் பற்றி 2005-இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்பவர், எந்த ஊர், எந்தச் சடங்கு, எந்தத் தேதி, வாசித்தவர் யார் என்று எழுதிக்கொள்ளாமல் யந்திரத்தை மூடுவதில்லை. மறுபுறம் சபாக்களும் பத்திரிகைகளும் விருதுகளும் சூழ்ந்த கர்நாடக சங்கீதம், தன் பொக்கிஷத்துக்குப் பெயர்ச் சீட்டு எழுதச் சோம்பிக் கிடக்கிறது.

ஆகவே இசை வெளியிடும் ஸ்தாபனங்களுக்கு என்னுடைய விண்ணப்பம் இது: ஒவ்வொரு வெளியீட்டிலும், அது தட்டானாலும் இணையப் பதிவானாலும், பதிவு செய்த தேதி, இடம், பொறியாளரின் பெயர், பக்கவாத்தியக்காரர்களின் பெயர், எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்ற ஐந்து விவரங்களை அச்சிடுங்கள். செலவு ஒன்றும் கிடையாது. ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்தும் இருக்கிற பதிவுக்கு முதல் மரியாதை கொடுங்கள். வாங்கும் முன்பு தம்புரா கேட்கிறதா என்று அரை நிமிஷம் காது கொடுங்கள். கேட்காவிட்டால், பாடியவர் யாராயிருந்தாலும், வேறு பிரதி தேடுங்கள். வீட்டுப் பரணில் தகப்பனார் காலத்துத் தட்டும் கேசட்டும் கிடந்தால், ஈரம் படாத இடத்துக்கு மாற்றி, நிமிர்த்தி அடுக்கி, அவற்றைப் பற்றித் தெரிந்ததை ஒரு காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள்.

நண்பர் மருமானுக்குக் கடைசி வரையில் ஒரு கம்பெனியின் பெயரையும் சொல்லவில்லை. துடைத்த எல்.பி.யை உறைக்குள் போடுவதற்கு முன்பு, அதன் உள்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதினார்: வாங்கிய வருஷம், கடை, எத்தனை முறை துடைத்தது, எந்தப் பக்கத்தில் எங்கே சொடுக்கு விழுகிறது. "எனக்கப்புறம் இதைப் போடறவன் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். வெளியே மழை அப்போதும் விடவில்லை. தை பிறந்து வெயில் காய்ந்ததும், உங்கள் வீட்டு அலமாரியையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.